சனிக்கிழமை வக்கீலம்மா

ஜூன் 7, சனி

கடைசியில் ரஸியா என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். அவள் நடத்தும் இலவச சட்ட ஆலோசனை மையத்தில் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, அரை நாள் மட்டும். யோசனை சொல்வேன், மனு எழுதித் தருவேன், கோர்ட்டுக்கு மட்டும் வர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லியாயிற்று. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சட்டக் கல்லூரியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். அந்தத் தலையாட்டலை நம்பியிருக்கக் கூடாது.

பாளையங்கோட்டையில் ஒரு வாசகசாலையின் பின்னறைதான் மையம். மின்விசிறியைப் போட்டால் காகிதம் பறக்கிறது, நிறுத்தினால் நாங்கள் வேகிறோம்.

காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பெரியவள் ஷெரினுக்கு டியூஷன், சின்னவன் ஜோயலுக்குப் பேச்சுப் பயிற்சி. ஜோயலுக்கு நாலு வயது, வாயில் பத்து வார்த்தை இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதெல்லாம் புரிகிறது, வார்த்தைதான் வர மறுக்கிறது. இதுவரை நான் இல்லாமல் அவன் பயிற்சிக்குப் போனதில்லை. "நீ போ. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிடுவோம்" என்றார் எட்வின். பாலிடெக்னிக்கில் அறுபது பையன்களைச் சமாளிக்கிறவருக்கு ஒரு ஜோயல் பெரிதில்லை என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தேன். தெருமுனையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவன் அழவில்லை.

கடைசியாக வந்தவள் பெயர் இசக்கியம்மாள். முப்பது வயதிருக்கும். பேட்டையில் பீடி சுற்றுகிறாளாம். கோர்ட் நோட்டீஸைப் பிளாஸ்டிக் பையில் மடித்துக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எம் பிள்ளையக் கேக்காவ, வக்கீலம்மா."

"யாரு கேக்கா?"

"அவ மாமா. சங்கரன்கோவில்ல இருக்காவ."

"உங்க கூடப் பிறந்தவங்களா?"

இல்லை என்று தலையசைத்தாள். மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. அவள் கணவர் சுடலைமணி அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். முதல் மனைவி பார்வதி, குழந்தை பிறந்த வருடத்திலேயே காய்ச்சலில் இறந்துவிட்டாள். இசக்கி அந்த வீட்டுக்கு வந்தபோது குழந்தை இன்னும் நடை பழகவில்லை. இப்போது அது மூன்றாம் வகுப்பு, பெயர் மகாஸ்ரீ. தை மாதம் சுடலைமணி நெஞ்சுவலியில் போய்விட்டார். பிள்ளையைத் தன் பொறுப்பில் விடச் சொல்லி, பார்வதியின் அண்ணன் ஆறுமுகநயினார் மனுப் போட்டிருக்கிறார்.

"கோர்ட்டு எனக்குத்தான தரும்? நான்தான வளத்தேன்?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து மீன் கழுவினேன். மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகு, பரணிலிருந்த சட்டப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன். என் நினைவு சரிதான். சட்டத்தில் 'தாய்' என்று வரும் இடத்தில் மாற்றாந்தாய் சேர மாட்டாள். அப்படியே எழுதியிருக்கிறது. ஆனால் யாரைக் காப்பாளராக நியமித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் நலன்தான், அதுவும் எழுதியிருக்கிறது. இரண்டையும் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். ஷெரின் வந்து, "பாடப் புத்தகத்துல கோடு போடக் கூடாதுன்னு என்னைய மட்டும் ஏசுதீங்க" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

சமையல் எரிவாயு தீர்ந்தது. ஜோயலுக்கு மூக்கடைப்பு. வேறொன்றுமில்லை.

ஜூன் 21, சனி

இசக்கி மறுபடி வந்தாள். இம்முறை முதல் ஆளாக. இவளுக்கு ஒரு நல்ல வக்கீல் பார்த்துக் கொடு என்று ரஸியாவிடம் சொன்னேன். ரஸியா கொட்டாவி விட்டபடி, "எனக்குத் தெரிஞ்ச நல்ல வக்கீல் ஒருத்திதான். அவளும் கோர்ட்டுக்கு வர மாட்டேங்குதா" என்றாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை இசக்கிக்கு விளக்கினேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப நான் அவளுக்கு யாருமில்லையா?" என்று மட்டும் கேட்டாள். அப்படியில்லை, வளர்த்தது நீங்கள் என்பதைக் காட்டலாம், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது நீங்கள் என்றேன். எல்லாவற்றுக்கும் மேலே ஜட்ஜம்மாவே பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், அவள் விருப்பத்தைக் கேட்பார்கள் என்றதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"பிள்ளைட்ட என்னன்னு கேப்பாவ?"

"யாருகூட இருக்கப் பிரியம்னு கேப்பாங்க. அம்மாவப் பத்தி, மாமாவப் பத்தி..."

"வேண்டாம்."

"ஏன் இசக்கி?"

அறையில் ரஸியாவைத் தவிர வேறு யாரும் இல்லையென்றாலும் குரலைத் தாழ்த்தினாள். "நான் சித்தின்னு அவளுக்குத் தெரியாது. அவ அப்பாவும் சொல்லல, நானும் சொல்லல. மாமாவ, அப்பாவுக்கு வேண்டியவகன்னுதான் நெனச்சிருக்கா. கோர்ட்டுல வச்சி அத உடைச்சிராதீங்க. அதுக்கு நான் பிள்ளையக் குடுத்திட்டே போயிருவேன்."

வெளியே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு என் வாயிலிருந்து, "வழக்க நானே எடுத்துக்கிடுதேன்" என்று வந்தது. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ரஸியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆனால் அவள் சிரிப்பது தோளில் தெரிந்தது.

ஜூன் 22, ஞாயிறு

எட்வினிடம் சொன்னேன். "ஒரே ஒரு வழக்குதான்."

"சரி."

"வியாழக்கிழமை மாதிரி வேலை நாள்ல போட்டா ஜோயல யாரு பாக்க?"

"லீவு போடுதேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"மலரு, நான் கேக்கவே இல்லையே. நீயே கேள்வி கேட்டு நீயே பதில் சொல்லிட்டிருக்க."

வக்கீல் கோட்டைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஜோயல் பிறக்கும் முன் தைத்தது, பொத்தான் எட்டவில்லை. கறுப்பு கவுனைக் கண்டதும் ஜோயல் அதற்குள் புகுந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்றான்.

ஜூலை 3, வியாழன்

குடும்ப நல நீதிமன்றம். எல்லாம் அப்படியே இருக்கிறது, பெஞ்சு, கூட்டம், குழந்தைகளின் அழுகை. என் கைதான் புதிதாக வியர்க்கிறது.

ஆறுமுகநயினாரை முதன்முறை பார்த்தேன். மனதில் வேறு உருவம் வைத்திருந்தேன். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. சங்கரன்கோவிலில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி கோமதி. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தூரத்தில் நின்ற இசக்கியைப் பார்த்து அந்த அம்மாள் லேசாகத் தலையசைத்தாள். இசக்கி கவனிக்கவில்லை.

அவர் தரப்பு வக்கீல் சுருக்கமாகப் பேசினார். எதிர்மனுதாரர் சட்டப்படி தாய் அல்ல, ரத்த உறவும் இல்லை, தினக்கூலிக்குப் பீடி சுற்றுகிறவர், தாய்மாமன் வசதியானவர், பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஆணி மாதிரி இறங்கியது. ஜட்ஜம்மா என்னைப் பார்த்தார்கள். எழுந்தேன். பதில் மனுவுக்குக் கால அவகாசம் வேண்டும் என்று கேட்டேன். இன்னும் இரண்டு வாக்கியம் மனதில் இருந்தது, வெளியே வரவில்லை. ஆகஸ்டு மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிவைத்து, அதற்குள் சமரசத்துக்கு வழியிருக்கிறதா என்று சமரச மையத்தில் பார்க்கச் சொன்னார்கள். அதன் பிறகு பிள்ளையை அழைத்துவர வேண்டும்.

வெளியே வந்து முகம் கழுவப் போனேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். வெயில் அதிகம்.

"நல்லாப் பேசுனீய" என்றாள் இசக்கி.

ஜூலை 4, வெள்ளி

காலையில் இட்லி, மத்தியானம் ரசம். பதில் மனு எழுத உட்கார்ந்தேன். நேற்று வராத அந்த இரண்டு வாக்கியமும் இன்று அடுப்பின் முன்னால் நன்றாக வருகின்றன.

ஜூலை 12, சனி

இன்றைக்கு இசக்கியிடம் கறாராகப் பேசிவிட்டேன். எப்படியும் மகாவுக்குத் தெரியத்தான் போகிறது, கோர்ட்டில் முன்பின் தெரியாத யாரோ சொல்லித் தெரிவதைவிட உங்கள் வாயால் தெரியட்டும் என்றேன். "உங்க பிள்ளைட்ட நீங்க இப்படிச் சொல்லுவீகளா?" என்று கேட்டாள். "சொல்லித்தான் ஆகணும்" என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது தலை வலித்தது. கேட்டைத் திறந்தேன். ஜோயல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே திரும்பிச் சத்தமாகச் சொன்னான்:

"அம்மா வந்தாச்சு!"

இரண்டு சொல். ஒரு வாக்கியம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவனைத் தூக்கிக்கொண்டேன். கண்ணாடி மூடிக்குள் ஒன்றும் தெரியவில்லை.

ஷெரின் ஓடிவந்து, "மறுபடியும் சொல்லிட்டான்!" என்றாள். எட்வின் அவளை ஒரு பார்வை பார்த்தார். தண்ணீர் எடுத்து வா என்று உள்ளே அனுப்பினார். அப்புறம், யாரும் கேட்காமலே, "முதல் தடவை. இப்பதான் முதல் தடவை" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பயிற்சி சொல்லித்தரும் டீச்சருக்குப் போன் செய்து சொன்னேன். "ஆமாங்க, போன வாரம் சார் சொன்னாங்க" என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள். லைன் சரியில்லை போல. இன்று முதல் வாக்கியம். தேதி மேலே இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

இசக்கி போன் செய்தாள். சொல்லிவிட்டாளாம்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணுமே சொல்லல. நேத்திலருந்து சாப்பிடல. 'அப்ப எங்கம்மா எப்படி இருப்பா?'ன்னு ஒரே கேள்வி. எங்கிட்ட ஒரு போட்டோகூட இல்ல, வக்கீலம்மா. என்னையக் கட்டும்போது அதயெல்லாம் அந்தச் சங்கரன்கோவில் அண்ணாச்சிட்டயே குடுத்துட்டாவ எங்க வீட்டுக்காரவ."

ஒரு தட்டில் சோறு பிசைந்து பக்கத்தில் வையுங்கள், சாப்பிடு என்று சொல்லாதீர்கள், பசித்தால் எடுப்பாள் என்றேன். ஜோயலுக்கு நான் செய்வது அது. வக்கீல் ஆலோசனையில் இதுவும் சேருமா தெரியவில்லை.

ஜூலை 26, சனி

இன்று இசக்கி பதில் மனுவில் கையெழுத்துப் போட வர வேண்டும். வரவில்லை. போன் அணைந்திருக்கிறது. ரஸியா வீட்டுக்குப் பக்கத்தில் இசக்கியின் தெருக்காரி ஒருத்தி வேலை செய்கிறாள், அவளிடம் விசாரித்தோம். காலையிலேயே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சங்கரன்கோவில் பஸ் ஏறினாளாம். கையில் ஒரு பை.

எதிர் தரப்பின் வீட்டுக்கு, பிள்ளையோடு, விசாரணைக்கு முன்னால்! அவர்கள் பிள்ளையை அங்கேயே நிறுத்திக்கொண்டால் அப்புறம் நான் எதைச் சொல்லி மீட்பேன்? ஆறுமுகநயினாரைக் கூப்பிட்டுக் கேட்கலாமென்றால், அவருக்கு வக்கீல் இருக்கும்போது நான் அவரிடம் நேரடியாகப் பேசக் கூடாது. "குடுத்திட்டே போயிருவேன்" என்று ஜூன் மாதம் சொன்னாளே, அதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

போன் இன்னும் அணைந்தே இருக்கிறது. போதகர் என்ன பிரசங்கம் செய்தார் என்று ஷெரின் கேட்டாள், சொல்லத் தெரியவில்லை. உருளைக்கிழங்கு அடிப்பிடித்துவிட்டது. எட்வின் பாத்திரத்தை ஊற வைத்துவிட்டு, கடையில் பரோட்டா வாங்கி வந்தார்.

ஜூலை 28, திங்கள்

சாயங்காலம் கேட்டில் சத்தம். இசக்கி நிற்கிறாள். பின்னால் இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி. மகாவை இதுவரை நான் பார்த்ததில்லை. இசக்கியின் சேலையை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

மகாவை ஷெரினோடு உள்ளே அனுப்பிவிட்டு, இசக்கியைப் பிடித்து நன்றாக ஏசினேன். "யாரக் கேட்டுப் போனீங்க? ஒரு போன் பண்ண முடியாதா?"

"சார்ஜ் போயிட்டு. வயர் எடுத்துட்டுப் போகல."

"அவங்க பிள்ளைய அங்கேயே வச்சுக்கிட்டா என்ன செய்வீங்க?"

"வச்சிருந்தா நானும் அங்கனயே இருந்திருப்பேன். தட்டக் கொண்டு போயி அவுக வீட்டு வாசல்ல உக்காந்து பீடி சுத்த வேண்டியதுதான்."

எனக்கு வந்த கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னாள்.

பிள்ளை சாப்பிடாததைப் பார்க்க முடியாமல்தான் கிளம்பினாளாம். கதவைத் திறந்தவர் ஆறுமுகநயினார். "உங்க தங்கச்சி போட்டோவ இவ பாக்கணுமாம், அண்ணாச்சி" என்றிருக்கிறாள் இசக்கி. அவர் பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். மகா படத்தை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். "ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருக்கா" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாளாம். உயரமா, குட்டையா, பாடுவாளா, எதற்குப் பயப்படுவாள். பல்லிக்குப் பயப்படுவாள், பல்லியைக் கண்டால் கட்டில்மேல் ஏறிக்கொள்வாள் என்று மாமா சொன்னதும் மகா விழுந்து விழுந்து சிரித்தாளாம். கோமதி பரிமாறியதை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாளாம். இருந்துவிட்டுப் போங்கள் என்று அவர்கள் விடவில்லை.

"எனக்கு வயிறு எரிஞ்சிச்சு, வக்கீலம்மா. பொய் சொல்லப்பிடாதுல்லா. அவ சிரிக்கச் சிரிக்க எனக்கு எரிஞ்சிச்சு. ஆனா சாப்பிட்டா. ஒரு வாரத்துக்கப்புறம் வயிறு நெறையச் சாப்பிட்டா."

கிளம்பும்போது மகா ஜோயலுக்குக் கையாட்டினாள். அவன் "போகாத" என்றான். புதுச் சொல்.

ஆகஸ்டு 6, புதன்

சமரச மையம். ஒரு மேஜை, சுற்றி நாற்காலிகள், நடுவில் சமரசம் பேசும் மூத்த அம்மையார். சங்கரன்கோவில் பயணத்துக்குப் பிறகு ஆறுமுகநயினார் இளகியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். நேர்மாறாக இருந்தது. மகா தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்தவருக்கு அவளை விடவே மனமில்லை. அவளுக்கென்று ஒரு கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டாராம்.

"எங்க பார்வதி பிள்ளை பீடித் தூளுக்குள்ள ஏன் வளரணும்? நான் இருக்கேன்லா? நல்லாப் படிக்க வைப்பேன். இந்தம்மாவுக்கு என்ன வயசாவுது? நாளைக்கே வேறொரு வாழ்க்கை அமைஞ்சா பிள்ளை எங்க போவும்?"

கேட்கக் கூடாத கேள்வி இல்லை அது. நான் கோப்பைத் திறந்தேன். இம்முறை எல்லா வாக்கியமும் தயாராக இருந்தது. பேசத் தொடங்கும்போது இசக்கி என் கையைத் தொட்டாள்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு கேக்கட்டா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவளுக்குச் சளி பிடிச்சா என்ன செய்யணும், கணக்குல எங்க முட்டுவா, எதுக்குக் கோவிப்பா, அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா இப்போ தெனமும் அவ அம்மாவப் பத்திக் கேக்கா. எனக்கு என்ன தெரியும்? நான் பாத்ததே கெடையாதே. அதச் சொல்ல நீங்கதான இருக்கீய. என்னையப் பிடிக்காட்டியும் பரவாயில்ல. அவளுக்கு நீங்க வேணும். கோர்ட்டுல நமக்குள்ள யாரு தோத்தாலும் அப்புறம் மூஞ்சில முழிக்க மாட்டோம். பிள்ளைக்குத்தான் ஒரு பக்கம் இல்லாமப் போவும்."

அவர் வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதுவரை தலைகுனிந்து இருந்த கோமதி, கணவர் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்:

"நாம இப்போ பிள்ளையக் கேக்கோமா, இல்ல உங்க தங்கச்சியத் திருப்பிக் கேக்கோமா?"

அந்த மனிதர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தங்கச்சி செத்த அன்றைக்கு அழாத அழுகை அது என்று கோமதி பிறகு வராந்தாவில் வைத்துச் சொன்னாள். அப்போது ஊரெல்லாம் கடைச் சரக்கு எடுக்க அலைந்துகொண்டிருந்தாராம், வந்து சேர்வதற்குள் உடலை எடுத்துவிட்டார்களாம்.

சமரசம் பேசும் அம்மையார் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் பேசி முடிந்தது. மகா இசக்கியிடமே இருப்பாள், இசக்கியே காப்பாளர். பள்ளி விடுமுறைகளில் கொஞ்ச நாள் மாமா வீட்டில். பார்வதியின் திதிக்கு இசக்கியும் மகாவும் சேர்ந்து போவார்கள். படிப்புக்கு மாமா உதவலாம், ஆனால் எந்தப் பள்ளி என்பதை இசக்கி சொல்வாள். கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவள் இசக்கிதான்.

என் கோப்பு திறந்தபடியே கிடந்தது.

ஆகஸ்டு 20, புதன்

இரு தரப்பும் ஒத்துக்கொண்டாலும் ஜட்ஜம்மா கையெழுத்துப் போட்டுவிடவில்லை. பிள்ளைக்கு நல்லது என்று தனக்குத் தோன்ற வேண்டும் என்றார்கள். முதலில் மகாவைத் தன் அறைக்குள் தனியாக அழைத்துக்கொண்டார்கள்.

வெளியே ஒரே பெஞ்சில் இந்த முனையில் இசக்கி, அந்த முனையில் ஆறுமுகநயினார், நடுவில் கோமதி, மடியில் எலுமிச்சைச் சாதத் தூக்கு. மூவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கியின் விரல்கள் வெறும் காற்றில் பீடி சுற்றிக்கொண்டிருந்தன. நான் பக்கத்தில் நின்றேன். நிற்க மட்டும்தான் முடிந்தது.

மகா வெளியே வந்தபோது வாயில் மிட்டாய் இருந்தது.

"என்னட்டி கேட்டாவ?" என்றாள் இசக்கி.

"அது எனக்கும் ஜட்ஜம்மாவுக்கும் உள்ளது. வெளிய சொல்லக் கூடாதாம்."

மாமா கேட்டுப் பார்த்தார். அவருக்கும் அதே பதில்தான்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சட்டம் மாற்றாந்தாயைத் தாயாக எண்ணவில்லையே, இவரை ஏன் நியமிக்க வேண்டும் என்று ஜட்ஜம்மா கேட்டார்கள். எழுந்தேன். பேசினேன். சட்டத்தில் அந்தச் சொல்லுக்குள் இவருக்கு இடமில்லை, ஒத்துக்கொள்கிறேன் என்று தொடங்கியது நினைவிருக்கிறது. தாய் என்று கேட்டு இவர் வரவில்லை, தகுதியான காப்பாளர் என்று கேட்டு வந்திருக்கிறார் என்று சொன்னதும் நினைவிருக்கிறது. சங்கரன்கோவிலைச் சொன்னேன். தன்னிடமிருந்து பிள்ளை போய்விடுமோ என்ற பயத்தோடேயே, பிள்ளை கேட்டதைக் காட்ட அந்த வீட்டுக்குக் கூட்டிப்போனவர் இவர், பிள்ளையின் நலன் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி என்னிடம் இல்லை என்றேன். அன்றைக்கு அதற்காகத்தான் அவளை ஏசினேன் என்பதைச் சொல்லவில்லை.

ஜட்ஜம்மா கொஞ்ச நேரம் எழுதினார்கள். உத்தரவு கிடைத்தது.

இசக்கி மகாவின் பின்னலை அவிழ்த்து, அங்கேயே நின்று, மறுபடியும் முதலிலிருந்து பின்னிவிட்டாள். வேப்பமரத்தடியில் எல்லோரும் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். எதிர் தரப்பு வக்கீலும் ஒரு வாய் வாங்கிக்கொண்டார். "எத்தனை வருஷமா கோர்ட்டுக்கு வரலை நீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "பேச்சுல தெரியலையே" என்றார். அதை வீட்டில் எட்வினிடம் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்டு 23, சனி

புதுக் கோட்டுக்கு அளவு கொடுத்தேன். பழையது எப்படியும் போடத் தோதில்லை. அதனால்தான்.

செப்டம்பர் 28, ஞாயிறு

காலாண்டு விடுமுறை. ஷெரினுக்குப் பொழுது போகவில்லை, ஜோயலுக்கு வாய் ஓயவில்லை. "இது என்ன, அது என்ன" என்று காலையிலிருந்து கேட்கிறான். குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. இசக்கி.

"என்ன இசக்கி, ஏதும் பிரச்சினையா?"

"ஒண்ணுமில்ல, வக்கீலம்மா. சும்மாதான் பண்ணேன்."

"மகா எப்படி இருக்கா?"

"நேத்து சாயங்காலம் அண்ணாச்சி வந்து கூட்டிட்டுப் போயிட்டாவ. புதங்கிழமை கொண்டு விடுவாவ." குரல் சாதாரணமாக இருக்க ரொம்பப் பாடுபட்டது. "நல்ல சந்தோசமாத்தான் போனா. பஸ்ஸுல ஜன்னல் சீட்டு வேணும்னு சொல்லிட்டுப் போனா. திரும்பியே பாக்கல."

"ம்."

"பீடித் தட்டு முன்னால உக்காந்தா கை ஓட மாட்டேங்கு. சோறு வடிச்சேன், ரெண்டு பேருக்கு வடிச்சிட்டேன்."

உடன்பாட்டில் அந்த வரியை எழுதியவள் நான், விடுமுறைகளில் கொஞ்ச நாள் என்று.

"நீங்க என்ன சமையல்?" என்று கேட்டாள்.

"கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு."

"சின்ன வெங்காயம் போட்டீயளா?"

"போட்டேன்."

"தேங்கா?"

"கடைசியில அரைச்சு ஊத்தணும்."

"மகா தேங்கா அரைச்சா தொடவே மாட்டா. அவளுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டுத்தான் ஊத்துவேன்."

அப்புறம் மழை வருமா என்று பேசினோம். அவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் புதிதாக வந்தவர்களைப் பற்றி, ரேஷனில் பருப்பு வராததைப் பற்றி. ஜோயல் என் காலைக் கட்டிக்கொண்டு "யாரு போன்ல? யாரு போன்ல?" என்றான். குழம்பு வற்றிக்கொண்டிருந்தது. அடுப்பைச் சிறிதாக்கினேன், போனை வைக்கவில்லை. அவளும் வைப்பதாக இல்லை.

திடீரென்று, "இருங்க இருங்க!" என்றாள். "சங்கரன்கோவில் நம்பரு வருது. அவதான். மகாதான் கூப்பிடுதா. வைக்கட்டா? வச்சிருதேன்!"

வைத்துவிட்டாள். நான் தேங்காய் எடுக்கப் போனேன்.